நகரி மலைப் பாறையில் அலை வரிகள்: அங்கே கடல் இருந்ததா?

கேள்வி: திருத்தணி தாண்டி நகரி பக்கம் ஒரு பாறையில், தண்ணீர் வற்றிய மணலில் தெரிவது மாதிரி வரிவரியாக இருந்தது. முன்பு அங்கே கடலா?

பதில்: வரியை மட்டும் வைத்துக் கடல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஏரிக்கரையிலும் அப்படித்தான் விழும். முகட்டை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சரிவு என்றால் முன்னும் பின்னும் அசைந்த அலை. ஒரு பக்கம் சாய்வாக ஏறி மறுபக்கம் செங்குத்தாக இறங்கினால் ஒரே திசையில் ஓடிய நீர். செங்குத்துப் பக்கம்தான் நீர் போன திசை. பழவேற்காட்டில் தண்ணீர் இறங்கிய மணலில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம்.

நகரி மலைக் கல் குவார்ட்சைட். புதைந்து இறுகிய மணற்கல். கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழாது, கத்தியின் இரும்புதான் தேய்ந்து ஒட்டும். பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தின் மணிகளே இருப்பதுதான் கடலுக்கு நல்ல துப்பு. மென்மையான கனிமங்களை அலை அரைத்து அரைத்து ஒழித்துவிட்டது. அதனால்தான் ஆழமில்லாத கடலோரம் என்கிறார்கள்.

சிப்பி தேடி அலைய வேண்டாம் (நானும் அலைந்தவன்தான்). இந்த மணல் படிந்து சுமார் 160 கோடி ஆண்டுகள். ஓடுள்ள உயிர்கள் பெருகியதோ சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

திருப்பதி போனால் மலைப்பாதை வெட்டுச்சரிவைக் கவனியுங்கள். அடியில் 250 கோடி ஆண்டுப் பழைய கிரானைட், அதன்மேல் நேராக இந்தக் குவார்ட்சைட். இடைப்பட்ட காலத்துக்குப் பாறையே இல்லை.