ஆப்பிள் கன்றில் வெள்ளைப் பஞ்சு: சாம்பல் நோய் அல்ல

வணக்கம். கோத்தகிரியில் வைத்த இரண்டு வயது ஆப்பிள் கன்றில் இலைக்காம்பு ஓரமும் கிளைக் கணுவிலும் வெள்ளையாகப் படர்கிறது, கந்தகம் தெளித்தும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய் என்றால் இலைமேல் மாவு பூசியதுபோல் இருக்கும். உங்களுடையது பஞ்சாகத் திரண்டிருக்கிறதே! விரலால் நசுக்கிப் பாருங்கள். செம்பழுப்புக் கறை பட்டால் கம்பளி அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிதான். அதற்குக் கந்தகம் கேட்காது.

சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பிரஷால் தேய்த்து எடுங்கள். அது வேரையும் தாக்கும் என்பதால், அப்புறம் அடிமரத்து மண்ணை லேசாக விலக்கி, வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில பூச்சிகள் கறுத்து, முதுகில் வட்டத் துளையோடு கிடந்தால் கடும் மருந்து எதுவும் வேண்டாம். அசுவினிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அஃபிலைனஸ் என்ற குட்டிக் குளவி அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது; மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.