கரண்டியும் கேமராவும்: வெளிநாட்டுச் சமையல் முகாம் பற்றிக் கேட்டவர்களுக்கு

மதுரையில் ஹோட்டல்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் உணவுப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். சமையலையும் போட்டோவையும் சேர்த்துச் சொல்லித்தரும் வெளிநாட்டு முகாம்களுக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். முதலில் இலங்கை, அப்புறம் தாய்லாந்தின் சியாங் மாய், கடைசியாகத் தெற்கு இத்தாலியின் பூலியா. திரும்பி வந்ததிலிருந்து கேட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

கே.கே. நகரிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: அக்கா, ஒரு வாரத்துக்கு இவ்வளவு செலவழித்துப் போனால் அங்கே என்னதான் நடக்கும்? யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாதா?

செய்முறை மட்டும் வேண்டுமென்றால் யூடியூபே போதும் தம்பி. முகாமில் கிடைப்பது வேறு. காலையில் சந்தைக்குக் கூட்டிப் போவார்கள். வாங்கியதை வைத்து மதியம் வரை சமையல். சமைத்ததை ஜன்னல் ஓரம் வைத்துப் படம் எடுத்து, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். மாலையில் எல்லார் படங்களையும் பெரிய திரையில் போட்டு, எது ஏன் சரியில்லை என்று பேசுவார்கள். நான் அதிகம் கற்றது அந்த மாலை நேரங்களில்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பூலியாவின் தலைநகர் பாரி. அதன் பழைய பகுதியில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ‘ஓரெக்கியெத்தே’ என்ற பாஸ்தா செய்வார்கள். சின்னக் காதுகள் என்று அர்த்தம். முட்டை கிடையாது. ட்யூரம் கோதுமையின் ரவை மாவும் தண்ணீரும்தான். மாவை விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டி, மழுங்கின கத்தியால் பலகையில் ஒரு இழுப்பு. சுருண்டு வருவதைக் கட்டைவிரல் மேல் கவிழ்த்தால் காது வந்துவிடும். செய்ததை வலைத் தட்டில் பரப்பி வாசலிலேயே காயப்போடுகிறார்கள். நம் மொட்டை மாடியில் வத்தல் காய்கிற மாதிரியே இருக்கும்.

எனக்குச் சொல்லித் தந்த பாட்டியின் கை அவ்வளவு வேகம். நூறு படமாவது எடுத்திருப்பேன், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் அவரே கத்தியை என் கையில் கொடுத்து உட்காரச் சொன்னார். இருபது முப்பது காது கிழிந்த பிறகு, மாவைக் கவிழ்ப்பதற்கு முன்னால் கத்தி ஒரு கணம் நின்று போகிறது என்பது என் கைக்குத் தெரிந்தது. அப்புறம் கேமராவை எடுத்து அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன். இரண்டே படம், இரண்டும் நன்றாக வந்தன. இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

மேலமாசி வீதியிலிருந்து ஒரு இல்லத்தரசி: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டோம். அங்கே போய்ப் பட்டினி கிடக்க வேண்டி வருமா?

பட்டினி கிடக்க வேண்டாம்மா. ஆனால் ‘நான் வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நாம் சைவம் என்று நினைப்பதும் அவர்கள் நினைப்பதும் ஒன்றல்ல.

இத்தாலியில் முதலில் சீஸைக் கவனியுங்கள். பார்மிஜானோ சீஸுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் பாலைத் திரிப்பார்கள். அந்தச் சீஸின் விதியே அப்படி. தட்டில் கறி இல்லை என்று நம்பி, மேலே தூவிய சீஸைச் சாப்பிட்டுவிடுவோம். அடுத்தது நெத்திலி மாதிரியான அஞ்சோவி மீன். எண்ணெயில் கரைந்து போவதால் கண்ணுக்கே தெரியாது. ஓரெக்கியெத்தேவைக் கீரையோடு பிரட்டும்போது அதைச் சேர்ப்பது அங்கே வழக்கம். அதனால் முட்டை, மீன், கறிச்சாறு, ரென்னட் சீஸ் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்.

அதே பூலியாவில் நமக்கு அப்படியே பொருந்துகிற சாப்பாடும் உண்டு. காய்ந்த ஃபாவா பீன்ஸைத் தோல் நீக்கி, குழைய வேகவிட்டுக் கடைந்து, பக்கத்தில் சிக்கரி கீரையை வேகவைத்து வைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். முதல் வாய் வைத்ததும் எனக்கு வீட்டுப் பருப்புக் கடைசல் நினைவுதான். கீரையில் லேசான கசப்பு, எண்ணெயில் ஒரு காரம். மூன்று நாள் தொடர்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தாய்லாந்தில் மீன் சாஸும் இறால் விழுதும் கிட்டத்தட்ட எல்லாக் குழம்பிலும் இருக்கும். அங்கே ‘ஜே’ என்று ஒரு சொல் உண்டு. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தாகக் கடைகளில் தொங்கும். கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத, பூண்டு வெங்காயமும் சேர்க்காத சாப்பாடு அது. அந்த ஒரு சொல் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. கேமரா இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா?

பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். முன்கூட்டியே கேட்டுவிடு. வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுவதற்குப் போனே போதும். அறைக்குள் எடுக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள். இரண்டும் கலந்தால் சோறு ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 50 எம்.எம். லென்ஸ் ஒன்று போதும். மாவு பிசையும் கையை எடுக்க ஷட்டர் வேகம் ஒரு நொடியின் 125-இல் ஒரு பங்கைவிட மெதுவாகப் போக வேண்டாம். உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. விலை உயர்ந்த கேமரா என்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி வராது.

சிம்மக்கல்லில் மெஸ் நடத்தும் ஒருவர்: இட்லியில் ஆவி பறக்கிற மாதிரி எடுக்க முடியவே இல்லை. இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களா?

தருகிறார்கள் அண்ணே. நீங்கள் அதற்காக வெளிநாடு போக வேண்டாம், இங்கேயே சொல்கிறேன். ஆவிக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், ஆவிக்குப் பின்னால் தெரிகிற இடம் இருட்டாக இருக்க வேண்டும். இட்லிக் கொப்பரையை வாசல் வெளிச்சத்துக்கும் உங்களுக்கும் நடுவில் வையுங்கள். வெளிச்சம் சற்றுச் சாய்வாக விழட்டும். பின்னால் ஒரு கறுப்புத் துணி. மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு ஐந்தாறு படம் தொடர்ந்து எடுங்கள். சூடான காற்றில் ஆவி சீக்கிரம் மறைந்துவிடும். அதனால் மதுரை வெயிலில் பதினோரு மணிக்கு எடுக்காமல், விடியற்காலை முதல் ஈட்டை எடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒரு தம்பதி: விசா, பணம் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இத்தாலிக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். கடைசி நேரம் வரை தள்ளாமல் இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகை வைக்க நான் சென்னைக்குப் போய் வந்தேன். முகாமுக்கு முன்பணம் கட்டும் முன்பே, விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இங்குள்ள ஏஜென்சி மூலம் தொகுப்பாகப் போனால் டி.சி.எஸ். என்ற வரியைப் பணம் வாங்கும்போதே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் போன ஒரு முகாமில் பதினாறு பேருக்கு இரண்டே அடுப்பு. ஐந்து நாளில் நான் கரண்டி பிடித்தது மொத்தம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. விளம்பரத்தில் படங்கள் அத்தனை அழகு, இதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆறு முதல் எட்டுப் பேர் என்றால் நல்லது.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்: எந்த மாதம் போகலாம்?

சியாங் மாய்க்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டாம். வயல்களிலும் காடுகளிலும் தீ வைக்கும் காலம், புகையில் மலையே தெரியாது. நவம்பர், டிசம்பர் அருமை. இத்தாலியில் ஆகஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலும் அதிகம், பாதிக் கடைகள் விடுமுறையில் மூடியிருக்கும். ஜூனில் இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆலிவ் பறிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர்.

விளாச்சேரியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 62 வயது. அருமையாகச் சமைப்பார், ஆங்கிலம் வராது. அவரைக் கூட்டிப் போகலாமா?

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். மாவின் பதம் பார்க்க மொழி தேவையில்லை. சியாங் மாயில் குழம்புக்கான மசாலா விழுதைக் கல் உரலில்தான் இடிக்கச் சொன்னார்கள். எங்களில் பலர் கை வலித்து நிறுத்தியபோது, அம்மியில் அரைத்துப் பழகின ஒரு அம்மா சிரித்துக்கொண்டே இடித்து முடித்தார். சொல்லித்தர வந்தவர் அன்று அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

வெளிநாடு பழகாதவர் என்றால் முதலில் இலங்கை. மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம். தமிழிலேயே பேசலாம், தேங்காய்ச் சம்பலும் ஆப்பமும் அம்மாவுக்குப் புதிதாகவும் இருக்கும், பழக்கமாகவும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இத்தாலிக்கு என்றால் நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பயணிகள் பால் பொருளும் கறியும் கொண்டுவருவதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சை இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள்.

பசுமலையிலிருந்து ஒரு ஆசிரியர்: சந்தையில் முகம் தெரியாதவர்களைப் படம் எடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சம் நல்லது சார், அதை விட்டுவிடாதீர்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். காசு கொடுத்து, என்ன காய், எப்படிச் சமைப்பது என்று சைகையிலாவது கேளுங்கள். பிறகு கேமராவைக் காட்டி அனுமதி கேளுங்கள். இத்தாலியில் ‘போஸ்ஸோ?’ என்ற ஒரு சொல் போதும். ‘எடுக்கலாமா?’ என்று அர்த்தம் வரும். தலையாட்டினால் எடுங்கள், முகம் திருப்பினால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். எடுத்ததை அவரிடமே காட்டுங்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு மாதம் மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் பழகிப் பாருங்கள். அதிகாலையில் லாரி இறக்கும்போது போனால் பல்பு வெளிச்சமும் விடிகிற வெளிச்சமும் சேர்ந்திருக்கும். நீங்கள் வழக்கமாக வெங்காயம் வாங்கும் கடைக்காரரிடமிருந்தே தொடங்குங்கள்.