அவார்டு கொடுத்தும் கேர்கிவர்ஸ் நிக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

கேள்வி: மேடம், நான் 40 பெட் இருக்கற முதியோர் இல்லத்துல மேனேஜர். ஒரு வருஷத்துல 11 கேர்கிவர்ஸ் வேலைய விட்டுட்டாங்க. மாசாமாசம் அவார்டு, கேக், கிஃப்ட்னு எல்லாம் பண்றோம். சம்பளத்த உடனே ஏத்த முடியாது. வேற வழி இருக்கா?

பதில்: சம்பளத்த முதல்ல பேசிடுவோம். இப்ப முடியலன்னா எப்ப முடியும்னு உள்ளத சொல்லிடுங்க, ஓவர்டைம் காச மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. அது சரியில்லாம நீங்க காட்டுற அன்பு எடுபடாது.

அடுத்து, நைட் டூட்டி பாக்கறவங்கள யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பெட்சோர் (படுக்கைப் புண்) வராம இருக்க திருப்பிப் படுக்க வைக்கணும், நடுவுல டயப்பர் மாத்தணும், மறதி நோய் இருக்கற ஒரு பாட்டி யாரோ திருட வந்துட்டான்னு நினைச்சு கைய கடிச்சு வச்சிருப்பாங்க, அதையும் பொறுத்துக்கிட்டு காலைல 7 மணிக்கு அடுத்த ஷிஃப்ட்கிட்ட பொறுப்ப ஒப்படைக்கற ஹேண்டோவருக்கு வந்து நின்னா மேனேஜர் கேக்கற முதல் கேள்வி "சார்ட்ல ஏன் கையெழுத்து இல்ல?" அந்த நிமிஷத்துலதான் பாதி பேர் மனசுக்குள்ள பேப்பர் போடுறாங்க. மாசக் கடைசில வெட்டுற கேக் அத சரி பண்ணாது.

பாராட்டுனா பாத்தத சொல்லுங்க. "நல்லா பண்றீங்க"ன்னா யாருக்கும் ஒட்டாது. "ரெண்டு நாளா சாப்பிடாத தாத்தா, நீங்க ஸ்பூன அவர் கையிலயே பிடிக்க வச்சதும் சாப்பிட்டாரு, நான் பாத்தேன்"னு சொல்லிப் பாருங்க. அப்படி சொல்லணும்னா நீங்க அங்க போயி நின்னு பாத்திருக்கணும்.

"12ஆம் பெட்டு திரும்ப கத்துது"ன்னு யாராவது பேசினா உடனே திட்டாதீங்க. உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981ல பர்ன்அவுட்ட, அதாவது வேலை அழுத்தத்துல ஆளே ஓஞ்சு போறத, அளக்க ஒரு முறை கொண்டு வந்தாங்க. மனசு வத்திப் போறது, எதிர்ல இருக்கறவங்கள மனுஷனா பாக்க முடியாம போறது, நாம எதையும் சாதிக்கலன்னு தோணறதுன்னு மூணு விஷயத்த அதுல பாக்கறாங்க. 12ஆம் பெட்டுங்கற பேச்சு அந்த ரெண்டாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019ல பர்ன்அவுட்ட வேலை சம்பந்தப்பட்டதுன்னுதான் சொல்லிச்சு. அதனால அப்படிப் பேசினவங்களோட குணத்த விட்டுட்டு டூட்டி சார்ட்ட எடுத்துப் பாருங்க. மாட்டேன்னு சொல்லத் தெரியாத அதே ரெண்டு பேருக்குத்தான் டபுள் டூட்டி விழுந்திருக்கும். சார்ட்ட ரெண்டு வாரம் முன்னாடியே போடுங்க, வெயிட்டான ஆளத் தூக்க ஒருத்தர மட்டும் விடாதீங்க.

எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு கேர்கிவர் மூணு வருஷம் குளிப்பாட்டி, தலை சீவி விட்ட பாட்டி இறந்து போறாங்க. குடும்பத்துக்கு எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க. அந்தக் கேர்கிவர்கிட்ட "பெட்ஷீட்ட மாத்துங்க, புது அட்மிஷன் வருது"ன்னு சொல்றோம். ஊர் அங்கீகரிக்காத இந்த மாதிரி துக்கத்தப் பத்தி கென்னத் டோக்காங்கற ஆராய்ச்சியாளர் 1989லயே எழுதிட்டாரு. இவங்களுக்கு நீங்க செய்யக்கூடியது பெருசா ஒண்ணுமில்ல, அன்னைக்கு ஹேண்டோவர்ல பத்து நிமிஷம் இறந்தவங்களப் பத்திப் பேச விடுங்க, கடைசியா முகம் பாக்கணும்னு கேக்கறவங்கள சம்பளம் பிடிக்காம அனுப்புங்க. செலவும் பெருசா இல்ல, ஆனா வருஷக்கணக்கா மறக்க மாட்டாங்க.

ரெசிடென்ட்டோட சொந்தக்காரங்க வந்து கத்தினா ரெண்டு பக்கமும் கேக்காம உங்க ஆள மன்னிப்பு கேக்க வைக்காதீங்க.

போறவங்ககிட்ட ஏன் போறீங்கன்னு கேக்கறது லேட். இருக்கறவங்கள, முக்கியமா சேந்து மூணு மாசம் ஆகாதவங்கள தனியா உக்கார வச்சு, "போன மாசம் எந்த நாள்ல விட்டுட்டுப் போயிடலாம்னு தோணுச்சு?"ன்னு கேளுங்க, அவங்க சொல்றதுல ஒண்ணையாவது அந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிட்டு, பண்ணிட்டேன்னு நீங்களே போயி அவங்ககிட்ட சொல்லுங்க.