கம்பெனி பஸ்ஸில் ஓடும் சினிமாப் பாட்டு, சர்ச் பாடகர் குழுவில் இருப்பவருக்குப் பாவமா?

பாவம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை டிரைவர் போடும் பாட்டு நீங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. சினிமாப் பாட்டே கேட்கக் கூடாது என்று பைபிளில் நேரடிக் கட்டளையும் கிடையாது. ராகம் தன்னளவில் அசுத்தமும் அல்ல. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில்தான் கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றை இன்றும் ஆராதனையில் பாடுகிறோம்.

ஜெபிக்கும்போது அந்த வரிகள் குறுக்கே வருகின்றன என்கிறீர்கள். போக, வர அதே பாட்டுகள், அதுவும் பாதியில் அறுந்து காதில் விழுவதுதான் பெரும்பாலும் காரணம். பல்லவி மட்டும் தலைக்குள் சுற்றும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கீர்த்தனையைப் பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை பாடிப் பாருங்கள். முணுமுணுத்தால் போதாது, வாய்விட்டுப் பாட வேண்டும்.

நீங்களே போனில் ஏற்றி வைத்திருக்கும் பாட்டு வேறு விஷயம். ஒவ்வொன்றின் வரிகளையும் காகிதத்தில் எழுதி, மெட்டில்லாமல், உண்மையும் ஒழுக்கமும் தூய்மையும் உள்ளவற்றையே சிந்தியுங்கள் என்னும் பிலிப்பியர் 4:8-ஐப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தாளம் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். தாலாட்டு, நட்பு, உழைப்பு பற்றிய பாட்டுகள் தாராளமாகத் தேறும். குடியைக் கொண்டாடுவதும் பெண்ணை மட்டமாகப் பேசுவதும் தேறாது, அழித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனசாட்சி உறுத்தினால் அந்தப் பாட்டு உங்களுக்கு வேண்டாம், மற்றவர் கேட்டாலும் சரி (ரோமர் 14:23). பாடகர் குழுவுக்கென்று தனி விதி இருந்தால், குழுவில் இருக்கும்வரை அதற்குக் கட்டுப்படுங்கள். இதற்காகப் போதகரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.