சீயோன்: மலையா, நகரமா, மக்களா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் வளரிளம் பிள்ளைகளுக்குச் சங்கீதங்களைக் கற்பித்து வருகிறேன். ‘சீயோன்’ ஓரிடத்தில் மலையாகவும், வேறோரிடத்தில் நகரமாகவும், இன்னோரிடத்தில் பெண்ணாகவும் வருகிறது. எருசலேமுக்குப் புனிதப் பயணம் போய்வந்த என் அக்கா ‘சீயோன் மலை’ என்று ஒரு படத்தைக் காட்டினார். அது தாவீது பிடித்த சீயோன் அல்ல என்கிறான் என் மாணவன் ஒருவன். எந்த வசனத்தில் எந்தப் பொருளைக் கொள்வது?

பதில்: உங்கள் மாணவன் சொல்வது சரி. இந்தப் பெயர் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அது நகர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால், பெரும்பாலான வசனங்களின் பொருள் தானே விளங்கிவிடும்.

2 சாமுவேல் 5:7இல்தான் இந்தப் பெயர் முதன்முதலாக வருகிறது. எருசலேமின் பழைய குடிகளான எபூசியர் வசமிருந்த ‘சீயோன் கோட்டையை’ தாவீது பிடித்தார். அதுவே தாவீதின் நகரமாயிற்று. காலம் ஏறத்தாழ கி.மு. 1000. அந்தக் கோட்டை இருந்தது, இன்றைய பழைய நகர மதிலுக்கு வெளியே, தென்கிழக்கில் நீண்டு இறங்கும் ஒடுக்கமான ஒரு மேட்டில். சுற்றிலும் அதைவிட உயரமான மலைகள் இருக்க, இந்தத் தாழ்ந்த மேட்டை ஏன் தேர்ந்துகொண்டார்கள் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். அதன் அடிவாரத்தில் கீகோன் ஊற்று இருக்கிறது. தண்ணீர் உள்ள இடத்தில்தானே ஊர் அமையும்! எசேக்கியா அரசன் காலத்தில் பாறையைக் குடைந்து, அரைக் கிலோமீட்டருக்கும் சற்றே அதிகமான நீளத்துக்கு வெட்டப்பட்ட சுரங்கத்தில் அந்த ஊற்றின் நீர் இன்றும் ஓடுகிறது.

அடுத்த கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1 இராஜாக்கள் 8:1ஐ நிறுத்தி வாசித்துப் பாருங்கள். சாலொமோன், கர்த்தரின் சந்நிதிக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியை ‘தாவீதின் நகரமாகிய சீயோனிலிருந்து’ கொண்டுவரச் செய்கிறார். அதாவது, வடக்கே உயரத்தில் கட்டப்பட்ட ஆலயம் அந்நாளில் சீயோனுக்கு வெளியே இருந்தது. பெட்டி மேலே ஏறியது; பெயரும் அதன் பின்னாலேயே ஏறிவிட்டது. அதன்பின் சங்கீதக்காரர் ‘பரிசுத்த பர்வதமாகிய சீயோன்’ என்று பாடும்போது ஆலய மலையையே குறிக்கிறார். கர்த்தர் வாசம்பண்ணும் இடம் எதுவோ அதுவே சீயோன் என்ற எண்ணம் இங்கேதான் வேரூன்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆலய மலையிலிருந்து பெயர் நகரம் முழுவதற்கும் விரிந்தது. இதைக் கண்டுபிடிக்க எபிரெயக் கவிதையே உதவுகிறது. அது ஒரே கருத்தை இரண்டு அடிகளில் வேறுவேறு சொற்களால் சொல்லும். ஏசாயா 2:3இல் சீயோனிலிருந்து வேதமும் எருசலேமிலிருந்து கர்த்தரின் வசனமும் புறப்படுகின்றன. இரண்டும் ஒரே ஊர்தான். ஆகவே சீயோன் வரும் வசனத்தில் அடுத்த அடியைப் பாருங்கள். பொருள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

‘சீயோன் குமாரத்தி’ என்பதை விளக்கும்போது ஒருமையையும் பன்மையையும் கட்டாயம் பிரித்துக் காட்டுங்கள். ஒருமையில் வந்தால் அது நகரத்தையே பெண்ணாக உருவகிப்பது. ‘சீயோன் என்பவளின் மகள்’ என்று பொருளல்ல. ஏசாயா 1:8இல் அவள், அறுவடை முடிந்த வெள்ளரித் தோட்டத்தில் தனித்து நிற்கும் காவல் குடிசையைப்போல விடப்பட்டிருக்கிறாள். நம் ஊர் வெள்ளரிக் கொல்லையில், காய் பறித்து ஓய்ந்தபின் ஆளில்லாமல் சாய்ந்து நிற்கும் குடிசையைப் பார்த்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் ஏசாயா 3:16இல் வரும் ‘சீயோன் குமாரத்திகள்’ அந்த நகரத்தில் நடமாடிய உண்மையான பெண்கள்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஆலயம் இடிக்கப்பட்டு மக்கள் சிறைபோனபின், பெயர் மக்களையும் பற்றிக்கொண்டது. ஏசாயா 51:16இல் ‘நீ என் ஜனம்’ என்று கர்த்தர் சொல்வது சீயோனைப் பார்த்து. ஆனால் பாபிலோன் ஆறுகளருகே உட்கார்ந்து அழுதவர்கள் நினைத்த சீயோன், அவர்கள் இழந்த ஊர். சங்கீதம் 137ஐ அப்படியே வாசிப்பதுதான் முறை. எபிரெயர் 12:22இலும் வெளிப்படுத்தல் 14:1இலும் சீயோன் மண்ணை விட்டு மேலே போய்விடுகிறது. எபிரெயருக்கு எழுதியவர் அதைப் பரம எருசலேம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். இந்தப் பொருளைப் பழைய ஏற்பாட்டு வசனம் ஒவ்வொன்றின்மேலும் ஏற்றிவிட வேண்டாம். நம் பிரசங்கங்களில் அடிக்கடி நேரும் பிழை இது.

உபாகமம் 4:48இல் எர்மோன் மலைக்குச் சொல்லப்படும் பெயரும் தமிழில் இதைப்போலவே ஒலிக்கும். எபிரெயத்தில் அதன் முதல் எழுத்தே வேறு. அது வடக்கே வெகுதொலைவில் உள்ள இன்னொரு மலை. அதேபோல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சீயோனிசம் என்ற அரசியல் இயக்கம் இந்தப் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. அதை மனத்தில் வைத்துச் சங்கீதங்களை வாசிப்பது காலத்தைக் குழப்புவதாகும்.

இனி, அக்காவின் படம். அது பழைய நகரத்தின் தென்மேற்கில் உள்ள மலை. இயேசு கடைசி இராப்போஜனம் உண்ட மேல்வீட்டறை என்றும் தாவீதின் கல்லறை என்றும் பயணிகளுக்குக் காட்டப்படும் இடங்கள் அங்கேதான் உள்ளன. தாவீதின் கோட்டை அந்த உயர்ந்த மேற்கு மலையில் இருந்தது என்று முதல் நூற்றாண்டிலேயே யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதினார். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீயோன் என்ற பெயரில் ஒரு பெரிய தேவாலயமும் அங்கே எழுந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டு முதல் நடந்த அகழாய்வுகளே பழைய ஊர் தென்கிழக்கு மேட்டில் இருந்ததைத் தெளிவாக்கின. ஆகவே படத்தின் கீழே ‘சீயோன் மலை’ என்று எழுதுவதில் தவறில்லை. அந்த மலைக்கு இன்று அதுதான் பெயர். அடுத்த முறை யாராவது எருசலேம் புறப்பட்டால், குப்பை வாசல் என்று அழைக்கப்படும் தெற்கு வாசலுக்கு வெளியே, கீழ்நோக்கிச் சரியும் மேட்டையும் ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2 சாமுவேல் 5ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம்.