1964-க்கு முந்தைய மாடல் 70 தானா?

கேள்வி: பழைய வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. .308 தோட்டா. "1964-க்கு முந்தையது" என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உலோக உருளை) திறந்து, தோட்டா அறையும் மேகசினும் காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். அடுத்து, ரிசீவரின் (போல்ட் நகரும் உலோக உடல்) முன்பகுதியில் வலப்புறம் உள்ள சீரியல் எண். 1964-இல் மாற்றியமைத்த மாடலுக்கு எண் 7,00,000-இல் தொடங்கியது. அதற்குக் கீழே என்றால் பழைய ரிசீவர். நீண்ட கொக்கி எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் பகுதி) மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். புதிய மாடல்களிலும் 1990-களில் அது திரும்ப வந்துவிட்டது.

இந்த எண் ரிசீவரின் வயதை மட்டுமே சொல்லும். கட்டையை (தோளில் வைக்கும் மரப் பகுதி) கழற்றினால், ரிசீவரை ஒட்டிக் குழலின் அடிப்பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் ஆண்டு குத்தியிருக்கும். அது ரிசீவரைவிட ஓரிரு ஆண்டு முந்தியிருந்தால் தவறில்லை. போல்ட்டின் அடியில் மின்பேனாவால் கோணல்மாணலாகக் கீறிய எண், ரிசீவர் எண்ணோடு பொருந்த வேண்டும். .308 தோட்டா விற்பனைக்கு வந்ததே 1952-இல்தான். சீரியல் எண் 1940-களைக் காட்டினால் அது பிறகு மாற்றிய குழல். சேகரிப்பாளர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

குழலுக்குள் எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். துடைத்து, செம்புப் படிவையும் நீக்கிய பிறகே துருக்குழி தெரியும். குழல்வாய் விளிம்பில் பஞ்சைச் சுழற்றுங்கள். இழை மாட்டும் இடத்தில் பிசிறு இருக்கிறது, குறி சிதறும். போல்ட்டின் இரண்டு லக்குகளிலும் (ரிசீவருக்குள் பூட்டிக்கொள்ளும் முனைகள்) தேய்மானம் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் பளபளத்தால் முழு அழுத்தமும் அதன் தலையில்தான். கட்டையில் டாங்குக்கு (ரிசீவரின் பின்பக்க நாக்கு) பின்னால் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேஃப்டியைப் பூட்டி ட்ரிக்கரை அழுத்துங்கள், விடுங்கள், பிறகு சேஃப்டியைத் திறங்கள். அந்த நொடியில் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) விழுந்தால் பேரமே வேண்டாம்.

கேள்வி: ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் அறையில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள நீளம்) நானே அளக்கலாமா?

பதில்: கேஜ் (தோட்டா வடிவ அளவுக்கட்டை) இருந்தால் அளக்கலாம். போல்ட்டிலிருந்து ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டு, கேஜின் விளிம்பை முதலில் கொக்கிக்கு அடியில் நுழையுங்கள். அறைக்குள் போட்டு போல்ட்டை அடித்து மூடினால் கொக்கி உடையும். விரல் நுனி அழுத்தம் போதும். .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம்: அதன்மேல் போல்ட் மூட வேண்டும். நோ-கோ கேஜ் 1.634: மூடக் கூடாது. மூடினால் துப்பாக்கித் தச்சரிடம் காட்டுங்கள். ஃபீல்டு கேஜிலும் (1.638) மூடினால் சுடவே கூடாது, தோட்டாக்கூடு அடிப்பக்கத்தில் பிளந்து, வாயு முகத்தில் அடிக்கலாம்.