இசையமைப்பாளர் மாஹ்லர் மாணவனாக இருந்தபோது எழுதிய பியானோ குவார்டெட் (பியானோ, வயலின், வியோலா, செல்லோ நான்குக்குமான இசை) முழுசாகக் கிடைக்கிறதா? நாங்கள் நான்கு பேர் மேடையில் வாசிக்கலாமா?

முழுசாகக் கிடைக்காது. ஏ மைனரில் முதல் பகுதி மட்டும் முடிந்த நிலையில் இருக்கிறது, சுமார் 12 நிமிடம். அடுத்ததாக ஜி மைனரில் ஒரு ஸ்கெர்ட்ஸோ (துள்ளலான பகுதி), 24 பாரோடு, அதாவது 24 தாள அளவோடு, நின்றுவிடுகிறது. ஆனாலும் தாராளமாக வாசிக்கலாம். முதல் பகுதி தனியாகவே நிற்கும்.

எழுதியது 1876இல், வியன்னா கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் படித்த காலம். வயது 15, 16தான். பியானோவில் அவரே உட்கார்ந்து வாசித்தும் இருக்கிறார். பிறகு காகிதக் கட்டுக்குள் கிடந்து, 1973இல்தான் அச்சாகியது.

மொத்தக் கட்டடமும் மூன்று சுரத்தின் மேல் நிற்கிறது: ஏ, மேலே எஃப், அங்கிருந்து அரைச் சுரம் இறங்கி ஈ. ஏ-வை ஸட்ஜமாக வைத்தால் ஸ–த–ப, தைவதம் சுத்தம். தொடக்கத்தில் இது பியானோவின் இடது கையில் வருகிறது. வலது கையில் ட்ரிப்லெட் கார்டுகள் (மும்மூன்றாக அடிக்கும் கூட்டுச் சுரங்கள்) துடித்துக்கொண்டே இருக்கும். ஒலியை நீட்டும் பெடலை அழுத்தியபடி விட்டால் அந்த எஃப்பும் ஈயும் குழம்பி, மூன்று சுரமும் காதில் விழாது. பெடலை அடிக்கடி மாற்றுங்கள், ட்ரிப்லெட்டை மெதுவாகத் தொடுங்கள்.

பகுதியின் தலைப்பில் மாஹ்லர் ஜெர்மனில் 'நிஷ்ட் ட்ஸு ஷ்னெல்' என்று போட்டிருப்பார். 'ரொம்ப வேகம் வேண்டாம்' என்றுதான் அர்த்தம், 'மெதுவாக' என்றில்லை. இழவு வீட்டு நடையில் தொடங்கினால் 'என்ட்ஷ்லாஸன்', அதாவது உறுதியோடு, என்று குறித்த இடத்தில் வேகத்தைத் திடீரென்று ஏற்ற வேண்டிவரும். அங்கேதான் பலரும் ஒருவரோடொருவர் சேராமல் பிரிந்து போகிறார்கள்.

அந்த மூன்று சுரத்தையே திரும்பத் திரும்ப உரக்கச் சொல்வது மாணவனின் பலவீனம், ஒளிப்பதற்கில்லை. ஒவ்வொரு முறையும் முழுச் சத்தம் கொடுத்தால் பாதியிலேயே கேட்பவர் அலுத்துவிடுவார். முதல் உச்சத்தில் கொஞ்சம் கையடக்கம் தேவை. கிராண்ட் பியானோ என்றால் மூடியைப் பாதி உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள்; பியானோ சத்தத்தில் முதலில் மூழ்குவது வியோலாதான்.

முடிவை நெருங்கும்போது வயலின் தனியாக ஒரு கேடென்ஸா, அதாவது தனி ஆவர்த்தனம் போன்ற துண்டு, வாசிக்கும். ரூபாட்டோ (காலத்தை இழுத்தும் குறுக்கியும் வாசிப்பது) அளவுக்கு மேல் வேண்டும் என்று மாஹ்லரே எழுதியிருப்பதால் மற்ற மூவரும் எண்ணிப் பயனில்லை. வயலின்காரரின் வில்லைப் பார்த்துச் சேருங்கள்.

நிகழ்ச்சி நீளம் போதவில்லையென்றால், இசையமைப்பாளர் ஷ்னிட்கே 1988இல் அந்த ஸ்கெர்ட்ஸோவை வைத்து எழுதிய குவார்டெட்டைப் பின்னால் சேருங்கள். அதில் மாஹ்லரின் துண்டு கடைசியில்தான் அப்படியே வரும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.